மாப்பிள்ளை ஏணி ஏறிய விவகாரம்

மார்ச் 4

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: தாங்கள் வங்கி வேலையை விட்டது குறித்து.

தங்களிடம் இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பேசுவதில்லை என்பதைப் பேசித் தெரிவிப்பது பொருந்தாது என்பதால் எழுதுகிறேன். பேசுவது வேறு, எழுதுவது வேறு. இதில் தங்களுக்குக் குழப்பம் வேண்டாம்.

நேற்று என் மகள் போனில், "அப்பா, அவர் பேங்க் வேலையை விட்டுட்டார். ஒரு மாச ஏசி மெக்கானிக் படிப்புல சேர்ந்திருக்கார்" என்றாள். வங்கிக் கட்டடத்தின் ஏசிகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்து, "சம்பள உயர்வு உண்டா?" என்று கேட்டேன். அவள் மறுபடியும் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். தங்கள் அத்தை விசிறியை எடுத்து வந்தார்.

மாப்பிள்ளையைத் திட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் மாமனார் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, அதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்தும். ஆகவே நான் தங்களைத் திட்டவில்லை. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை மட்டும் தகவலுக்காக எழுதுகிறேன்: மூளை கழன்றவன்கூட, நரை எட்டிப் பார்க்கிற வயதில், உட்கார்ந்து பார்க்கும் வேலையை உதறிவிட்டு ஸ்பேனரைத் தூக்குவானா? அறிவிருக்கிறதா அவனுக்கு? (தங்களைச் சொல்லவில்லை.)

நானும் அதே வங்கியில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். ஒரு கடன் விண்ணப்பத்தின் ஓரத்தில் தாங்கள் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்துத்தான், 'இந்தக் கையெழுத்துக்காரனுக்கே பெண்ணைக் கொடுக்கலாம்' என்று முடிவு செய்தேன். அந்தக் கையில் இன்று கிரீஸ்.

தாங்கள் பழைய வேலைக்குத் திரும்பும் வரை நேரிலோ போனிலோ ஒரு வார்த்தை பேச மாட்டேன். தங்கள் அழைப்பு வந்தால் போனை அத்தையிடம் கொடுத்துவிடுவேன். அவர் பேசுவார். அவரைத் தடுக்க என்னால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

தங்கள் உண்மையுள்ள,
மாமனார்

நகல்: என் மகள் (தகவலுக்காக)


மார்ச் 15

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறிவிருக்கிறதா என்று நீங்கள் கேட்ட அந்த வேறொருவன் யாரோ தெரியவில்லை, பாவம், அவனுக்காக நானே வருத்தப்பட்டேன்.

நகல் அனுப்பியிருக்க வேண்டாம் மாமா. உங்கள் மகள் அதைப் படித்துவிட்டு இப்படிச் சொல்லிவிட்டாள்: "அப்பா உங்ககிட்ட வாயைத் திறந்து பேசுற வரைக்கும் நான் அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். லீவுக்குப் பாப்பாவையும் அனுப்ப மாட்டேன்." நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "ஏன்டி இவ்வளவு பிடிவாதம்?" என்றேன். "எங்கப்பாகிட்ட போய்க் கேளுங்க" என்கிறாள். நீங்கள்தான் பேச மாட்டீர்களே, எப்படிக் கேட்பது?

காரணம் நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கடன் பிரிவில் என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியாததா? 'முடியாது' என்பதை விதவிதமாகச் சொல்வது. பரிசீலனையில் இருக்கிறது, மேலிடத்துக்குப் போயிருக்கிறது, ஒரு பேப்பர் குறைகிறது. வருகிறவர்கள் முகம் வாடிப் போவார்கள். போன கோடையில் ஒரு நாள் வங்கியில் ஏசி நின்றுவிட்டது. மேனேஜர் ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார், வாடிக்கையாளர்கள் சண்டைக்கு நின்றார்கள். ஒரு மெக்கானிக் வந்தார், எதையோ கழற்றினார், எதையோ மாட்டினார். குளிர்ந்த காற்று வந்ததும் அந்த வங்கி மொத்தமும் ஒரே குரலில் 'அப்பாடா' என்றது. மாமா, நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கு எதிரே அத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட அப்பாடா என்று சொன்னதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

வகுப்பில் எல்லோரும் மீசை முளைத்தும் முளைக்காத பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் குழம்பிவிட்டார்கள். இப்போது 'அங்கிள்' என்கிறார்கள். நேற்று செம்புக் குழாய் வளைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் வளைத்தது குழாய் மாதிரி இருந்தது. நான் வளைத்ததை உங்கள் மகள் துணி மாட்ட வைத்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சில மெஷின்கள் கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் சூடும் தரும். உள்ளே ஒரு வால்வு இருக்கிறது, அது இந்தப் பக்கம் திரும்பினால் சூடு, அந்தப் பக்கம் திரும்பினால் குளிர்ச்சி. மெஷின் அதேதான். உங்களுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: புகைப்படம் அனுப்புவதை நிறுத்துவது குறித்து.

என்னை மெஷினோடு ஒப்பிட்டதை வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

தாங்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் பையோடு நிற்கும் படத்தை என் மகள் அத்தைக்கு அனுப்பியிருக்கிறாள். அத்தை அதைப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு, லிஃப்டில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "எங்க மாப்பிள்ளை, எப்படி இருக்கார் பாருங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று காட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் என்னிடம் விசாரித்தார். கள ஆய்வு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இங்கே ஓய்வு பெற்றோர் சங்கத்தின் செயலாளர் நான் என்பது தங்களுக்குத் தெரியும். சங்கத்தில் தங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, 'வெப்பக் கட்டுப்பாட்டுத் துறையில் உயர் பொறுப்புக்குப் போய்விட்டார்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. சங்கத் தலைவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். பொருளாளர் மட்டும், "வெப்பத்தை எப்படி சார் கட்டுப்படுத்துவாங்க?" என்று நோண்டிக்கொண்டே இருக்கிறார். அந்த மனிதர் என்றைக்கும் அப்படித்தான்.

பாப்பாவை லீவுக்கு அனுப்ப மாட்டேன் என்பது மிரட்டல். மிரட்டலுக்கு நான் பணிய மாட்டேன். அவளுக்காக வாங்கி வைத்த சின்ன சைக்கிளை ஹாலில் நிறுத்தியிருக்கிறேன். போகும்போது வரும்போது முழங்காலில் இடிக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
மாமனார்

குறிப்பு: படிப்பு முடிந்து வேலையும் கிடைத்துவிட்டதாக அத்தை சொன்னார். கரண்டில் கை வைக்கும் முன் மெயினை அணைக்கவும். இது பொதுவான அறிவுரை.


ஏப்ரல் 20

அன்புள்ள மாமா,

உங்கள் பொதுவான அறிவுரையைக் கருவிப் பையின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வேலை நன்றாகப் போகிறது என்று எழுத ஆசைதான். வங்கிப் புத்தி என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. முதல் வீட்டில், கதவைத் திறந்த அம்மாவிடம் என்னை அறியாமலே, "முகவரிக்கு ஏதாவது சான்று இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் மிரண்டுபோய் உள்ளே ஓடி கரண்ட் பில்லையும் கேஸ் புத்தகத்தையும் எடுத்து வந்துவிட்டார். நான் இரண்டையும் சரிபார்த்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நான் இப்போது யார் என்பதே நினைவுக்கு வந்தது.

போன வாரம்தான் முதல் முறையாகத் தனியாக அனுப்பினார்கள். புது மெஷின் மாட்ட வேண்டும். வீட்டுக்காரரை எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அவர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேலையை முடித்து, மெஷினை ஓடவிட்டு, பெருமையாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே சேரும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் உண்டு மாமா. அது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நான் உள்பக்கம் சரித்திருந்தேன். தண்ணீர் நேராகப் புது சோபாவில் ஊற்றியது.

நான் பக்கெட்டைத் தேடி ஓடுகிறேன், அவர் சோபாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சிரிக்கிறார். "சார், என்னைத் தெரியுதா? வீட்டுக் கடனுக்கு வந்தேன். ஒரு பேப்பர் குறையுதுன்னு நாலு தடவை திருப்பி அனுப்புனீங்க." நான் பக்கெட்டைக் குழாய்க்குக் கீழே பிடித்தேன். அவர் நிதானமாக, "இன்னைக்கு உங்க வேலையில என்ன சார் குறையுது?" என்றார். "சரிவு" என்றேன். சரி செய்து முடிக்கும் வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தார் மாமா. போகும்போது, "பரிசீலிச்சிட்டேன் சார், ஓகே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனியில் என்னை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் வருகிறது. இதையெல்லாம் உங்களிடம் வாயால் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நான் கதை சொன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது.

பாப்பா சைக்கிள் என்ன நிறம் என்று கேட்கிறாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மே 6
(கூரியர் மூலம். அவசரம்.)

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: சங்கக் கூடத்தின் ஏசி பழுது. தகுதியான ஆளை அனுப்பக் கோருதல்.

நிறம் சிவப்பு.

வரும் ஞாயிறு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. கூடத்தைச் சுத்தம் செய்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வாசலின் மேலே ஒரு நீளமான பேனரையும் நானே ஆள் வைத்து, நானே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எல்லாம் முடிந்த நேரத்தில் ஏசி தகராறு செய்கிறது. கொஞ்ச நேரம் ஓடுகிறது, தானாக நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. உறுப்பினர்கள் எல்லோரும் வயதானவர்கள், கால்வாசிப் பேருக்கு ரத்த அழுத்தம். உள்ளூர் மெக்கானிக்குகள், "நாளைக்கு வர்றேன் சார்" என்கிறார்கள், எந்த நாளைக்கு என்று சொல்வதில்லை. பொருளாளர் எல்லோர் முன்னாலும், "உங்க மாப்பிள்ளைதான் வெப்பத்தையே கட்டுப்படுத்துறாரே, ஒரு ஆளை அனுப்பச் சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டார். தலைவரும் தலையாட்டினார்.

ஆகவே, தகுதியான ஓர் ஆளை (தாங்கள் நீங்கலாக) அனுப்பி உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மாமனார்


மே 8

அன்புள்ள மாமா,

விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. ஆள் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருவார். தொப்பியும் முகமூடியும் போட்டிருப்பார். உங்களைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மே 14

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பொருள்: ஞாயிறு அன்று நடந்தவை பற்றிய விளக்கம்.

1. தாங்கள் நீங்கலாக என்று அடைப்புக்குறி போட்டுத் தெளிவாக எழுதியிருந்தேன். தாங்களே வந்தீர்கள்.

2. தங்களைத் தெரியாதவன் போல இருக்க நான் முழு மனதோடு முயன்றேன். ஆனால் தாங்கள் வாசலில் வந்து நின்றதும் என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. மாப்பிள்ளை நிற்க நான் உட்கார்ந்திருந்த சரித்திரம் கிடையாது. கூடத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் தலைவர் இருந்தார். அவரை எழுப்பினேன். மெக்கானிக் உட்கார சங்கத் தலைவர் ஏன் எழுந்தார் என்பது அவருக்கு இன்று வரை விளங்கவில்லை.

3. தண்ணீரை இரண்டு கையாலும் கொடுத்தது பழக்கதோஷம். தாங்கள் காலையில் சாப்பிட்டீர்களா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சபதம் இருப்பதால் பொருளாளரிடம், "அவர் சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்றேன். "யாரு, மெக்கானிக்கா?" என்றார். "ஆமா." "அவரு உங்க பக்கத்துலதானே சார் நிக்கிறாரு, நீங்களே கேளுங்களேன்." அந்த மனிதருக்கு வேறு வேலையே இல்லை.

4. நான்காவதாக எதையோ எழுத நினைத்தேன். மறந்துவிட்டது.

5. ஏணி. தாங்கள் வாசலுக்கு மேலே ஏறி, ஒரு காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்து, உடம்பை அந்தப் பக்கம் சாய்த்தீர்கள். "மாப்பிள்ளை! பாத்து! காலு, காலு!" என்று கத்திவிட்டேன். ஓடி வந்து ஏணியையும் பிடித்துக்கொண்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

இது பேச்சு ஆகாது. தீப்பிடித்தால் 'தீ' என்று கத்துவதில்லையா? அது போன்ற எச்சரிக்கை. சபதம் அப்படியே இருக்கிறது.

பொருளாளர் உடனே, "மாப்பிள்ளையா?" என்று மோப்பம் பிடித்தார். மெக்கானிக் யாராக இருந்தாலும் நான் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அதன் விளைவாக, செவ்வாய்க்கிழமை மின்விசிறி பார்க்க வந்த எலக்ட்ரீஷியனையும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் என்னைவிட மூத்தவர்.

ஏசி நன்றாக ஓடுகிறது. கோளாறு என்ன என்று தாங்கள் எழுத்தில் தெரிவிக்கவில்லை. ஆவணத்துக்குத் தேவை.

தங்கள் உண்மையுள்ள,
மாமனார்


மே 18

அன்புள்ள மாமா,

சாப்பிடாமல்தான் வந்தேன். பொருளாளர் கடைசி வரை கேட்கவே இல்லை.

ஆவணத்துக்குத் தேவை என்றால் எழுதுகிறேன், ஆனால் படித்ததும் கிழித்துவிடுங்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே ஊதித் தள்ள வாசலுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறதே, அதன் முகத்தை மூடி யாரோ ஒரு பேனரைக் கட்டியிருந்தார்கள். எழுத்துப் பிழையே இல்லாத பேனர். பாவம், மூச்சு முட்டி மெஷின் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. நான் சாய்ந்து நின்றது அந்த முடிச்சை அவிழ்க்கத்தான். என்ன முடிச்சு மாமா அது! கட்டினவர் வங்கிப் பெட்டகத்துக்குப் பூட்டுப் போட்டுப் பழகினவராக இருக்க வேண்டும். 'நிறைய தூசி சார்' என்று எல்லோரிடமும் சொல்லி, பேனரைத் துடைக்கிற சாக்கில் இறக்கி, பக்கத்துச் சுவரில் கட்டினேன். பிறகு உள்ளே வந்து, வந்ததற்கு ஃபில்டரையும் கழுவி மாட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் கூடம் முழுக்க 'அப்பாடா' என்றது. அதற்காகவே இன்னொரு தடவை பஸ் ஏறி வருவேன்.

ஏணி விஷயம். கால் வழுக்கவில்லை மாமா. ஆனால் நீங்கள் போட்ட அந்தக் கூச்சலில் நிஜமாகவே விழப் பார்த்தேன். கீழே பார்த்தால், செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்து, ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகமூடி இருந்தது. மார்ச்சிலிருந்து நான் உங்களுக்கு வேண்டாதவன் ஆகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்து எழுதினாலும் உள்ளுக்குள் அது அரித்துக்கொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் உங்கள் மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கத்துனதெல்லாம் கணக்குல வராது. ஒழுங்கா, உட்கார்ந்து, பேசணும்" என்று சொல்லிவிட்டாள். நான் என்ன செய்ய? நீங்களும் கணக்கில் வராது என்கிறீர்கள், அவளும் வராது என்கிறாள். அப்பாவும் மகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

பாப்பாவுக்கு ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சைக்கிளைப் பற்றித் தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மே 23

அன்புள்ள மாப்பிள்ளை,

'பொருள்' என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அடித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். பொருளாளர் சும்மா இருக்கிற ஆளா? "செயலாளர் சார், உங்க மாப்பிள்ளை அனுப்புன மெக்கானிக் அருமையான ஆளு, அவரு நம்பர் கிடைக்குமா?" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். "அனுப்பின ஆள் இல்ல, வந்ததே என் மாப்பிள்ளைதான். ஏசி மெக்கானிக். உயர் பொறுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷின் மூஞ்சியில பேனரைக் கட்டி உங்க எல்லாரையும் வேக வெச்சது நான். அவர் அதை மறைச்சு எனக்கு மானத்தைக் காப்பாத்திக் கொடுத்துட்டுப் போயிருக்கார்" என்று சொன்னேன்.

பொருளாளர்தான், "பேனர் சங்கதி புதுசு சார். மாப்பிள்ளை சங்கதி அன்னைக்கே தெரியும். மெக்கானிக் சாப்பிட்டாரான்னு தவிச்சு நின்ன மாமனாரை நாங்க பாக்கலையா?" என்றார். தலைவர் தன்னை ஏன் எழுப்பினேன் என்பது புரிந்துவிட்ட நிம்மதியில் சிரித்தார். இப்போது தலைவர் வீட்டு ஏசி, பொருளாளர் வீட்டு ஏசி, எதிர்வீட்டுக்காரர் ஏசி என்று ஆளாளுக்கு என்னைத் துரத்துகிறார்கள். மாப்பிள்ளைக்கு நேரம் இருந்தால் பார்ப்பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை நானும் அத்தையும் புறப்பட்டு வருகிறோம். அத்தை மூட்டை கட்டி இரண்டு வாரம் ஆகிறதாம், எனக்கு இன்றுதான் சொன்னார். சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்கிறார்கள். ஏற்றிவிடுவேன். கதவை நீங்களே திறங்கள். நானே முதலில் பேசுகிறேன். என் மகளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், அவள் காதால் கேட்டுக்கொள்ளட்டும். சோபா கதையை எழுதினீர்களே, அதை முதலிலிருந்து வாயால் சொல்ல வேண்டும். படித்தபோது சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஞாயிறு அன்று நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஃபில்டரை மாட்டினீர்கள். குளிர்ந்த காற்று வந்தது. கூடம் முழுக்க 'அப்பாடா' என்றது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சொன்ன ஆள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான்தான்.

உங்கள் மாமா